காவலுக்கு வந்த கப்பல் எப்போது திரும்பும்? சீனக் கடற்படைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சீன மக்கள் விடுதலைப் படையின் கடற்படைத் தலைமை, பெய்ஜிங்

மதிப்பிற்குரிய தளபதிகளுக்கு,

வணக்கம். 1949 ஏப்ரல் 23ஐ உங்கள் கடற்படை தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஜியாங்சு மாநிலத்தின் தைசோவில் அது தொடங்கப்பட்ட அன்று, அதே மாநிலத்தின் ஊடே ஓடும் யாங்சி ஆற்றில் 'அமெதிஸ்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் குண்டுகள் துளைத்த உடம்போடு மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மூன்று நாள் முன்பு அதைச் சுட்டவை உங்கள் படையின் பீரங்கிகள். தன் நாட்டவரையும் அவர்களின் வணிகத்தையும் காக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்நியப் போர்க்கப்பல், கரையில் நிற்பவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று அந்த வேலையை நீங்கள் செய்கிறீர்கள். 2008 டிசம்பர் 26 அன்று ஹைனான் தீவின் சான்யாவிலிருந்து 'வூஹான்', 'ஹைகோ' என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் ஒரு துணைக்கப்பலும் ஏடன் வளைகுடாவுக்குப் புறப்பட்டன. சோமாலியாவில் அரசு சிதைந்து கிடந்தது. உங்கள் வணிகக் கப்பல்களுக்குக் காவல் தேவைப்பட்டது. அன்று போன அணியின் இடத்தில் அடுத்தது, அதன் இடத்தில் அதற்கடுத்தது என்று காவல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த மடலை லண்டனுக்கோ வாஷிங்டனுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இதுதான்.

நான் வணிகக் கப்பல்களின் என்ஜின் அறையில் காலம் கழித்த தமிழன். காவல் கப்பல் என்றாலே முகம் சுளிப்பவன் இல்லை. ஏடன் வளைகுடாவைக் கடக்கும்போது தளத்தின் விளிம்பு முழுக்க முள்கம்பிச் சுருள் கட்டுவோம். தீயணைப்புக் குழாய்களின் வாயைக் கடலை நோக்கித் திருப்பிக் கட்டி வைப்போம். கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லோரும் ஓடிப்போய் உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ள ஓர் அறை. அதில் தண்ணீரும் பிஸ்கட்டும் அடுக்கியிருக்கும். அந்த இரவுகளில் தொலைவில் ஒரு போர்க்கப்பலின் விளக்கு தெரிந்தால், அது எந்த நாட்டுக் கொடி என்று யாரும் கேட்பதில்லை. காவலின் அருமை எனக்குத் தெரியும். காவலுக்கு எல்லையும் கெடுவும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஆற்றின் கதையிலிருந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

1858இல் கையெழுத்தான தியான்ஜின் உடன்படிக்கையின் 52ஆம் பிரிவை உங்கள் அதிகாரிகள் படித்திருப்பார்கள். பகை நோக்கமில்லாமல் வருகிற, அல்லது கடற்கொள்ளையரைத் துரத்திக்கொண்டு வருகிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சீனப் பேரரசரின் எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம். அங்கே உணவும் நீரும் வாங்கலாம், பழுது பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு சாதுவான வரிகள்! கொள்ளையரைத் துரத்தத்தான் வருகிறோம், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்கிற தோரணை. அந்த வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆற்றில் இருந்தார்கள்.

தொடக்கமே ஓர் உள்நாட்டுப் போரின் நடுவில்தான். 1861இல் நாஞ்சிங், சீனாவை ஆண்ட சிங் பேரரசை எதிர்த்துக் கிளம்பிய தைப்பிங் கிளர்ச்சியாளர்களின் தலைநகராக இருந்தது. பிரிட்டிஷ் அட்மிரல் ஹோப் அவர்களோடு பேசி, தம் நாட்டு வணிகக் கப்பல்களுக்கு வழி கேட்டு வாங்கினார். இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறோம் என்றுதான் அன்று சொன்னார்கள். மறு ஆண்டு அதே ஹோப், ஷாங்காய்க்கு வெளியே சிங் அரசின் பக்கம் நின்று தைப்பிங்குகளோடு சண்டையிட்டுக் காயப்பட்டார். சரக்கு எந்தப் பக்கத்தில் குவிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக நடுநிலை சாய்வதற்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது.

ஆனால் நான் உங்களோடு பேச விரும்புவது வான்சியனைப் பற்றி. இன்று வான்சோ என்று சோங்கிங் மாநகரத்தோடு சேர்ந்துவிட்ட ஊர். பழைய நகரத்தின் பெரும்பகுதி முப்பள்ளத்தாக்கு அணையின் நீருக்கடியில் போய்விட்டது. கடலிலிருந்து ஆற்று வழியில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் உள்ளே, குறுகலான மலையிடுக்குகளையெல்லாம் தாண்டியபின் வருகிற ஊர் அது. அங்கே ஒரு பிரிட்டிஷ் பீரங்கிப் படகுக்கு என்ன வேலை?

துங் எண்ணெய் என்று ஒன்று உண்டு. துங் மரக்கொட்டையை ஆட்டி எடுப்பது. வண்ணப்பூச்சுக்கும் வார்னிஷுக்கும் மேல்நாட்டில் நல்ல விலை. காலங்காலமாக அதைக் கீழே கொண்டுபோனவர்கள் மரக்கலக்காரர்கள். வெள்ளத்துக்கு எதிராகப் படகை மேலே கொண்டுவர, கரையோரப் பாறைகளில் நடந்து தோளில் கயிறு கட்டி இழுக்கும் கூலிகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பிழைப்பில் இருந்தார்கள். நீராவிக் கப்பல் வந்தது, சரக்கு அதற்குப் போயிற்று. எண்ணெயையாவது எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்று மரக்கலக்காரர்களின் சங்கம் அடம்பிடித்தது. 1924 ஜூனில் எண்ணெயைக் கப்பலில் ஏற்றும் தகராறில் ஹாலி என்ற அமெரிக்க வணிகரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். கொலை கொலைதான். அதற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். துறையில் 'காக்சேஃபர்' நின்றது. பூச்சிகளின் பெயரைச் சூட்டிய பிரிட்டிஷ் பீரங்கிப் படகு வரிசையில் ஒன்று. அதன் தலைவர் நிபந்தனை விதித்தார்: மரக்கலச் சங்கத்தைச் சேர்ந்த இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்ற வேண்டும், நகரத்து அதிகாரிகள் சவ ஊர்வலத்தில் நடந்து வர வேண்டும், இல்லையேல் நகரத்தின்மேல் குண்டு விழும். விசாரணை, சாட்சி, தீர்ப்பு எதற்கும் நேரமில்லை. இருவர் கொல்லப்பட்டார்கள். அதிகாரிகள் சவப்பெட்டியின் பின்னால் நடந்தார்கள். சரக்கைக் காக்க வந்த ஒரு கப்பல், போலீஸாகவும் நீதிபதியாகவும் ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றுக்கொண்டது. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பீரங்கி நகரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தால் போதும்.

இரண்டு ஆண்டு கழித்து அதே துறை, அதே காக்சேஃபர். இப்போது எதிரே இருந்தவர் படைத்தலைவர் யாங் சென். 1926 ஆகஸ்ட் 29 அன்று 'வான்லியு' என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் ஏற முயன்ற அவருடைய சிப்பாய்களின் சம்பான் படகுகள், கப்பல் கிளப்பிய அலையில் கவிழ்ந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களும், படைக்குச் சம்பளம் கொடுக்க வைத்திருந்த வெள்ளிப் பணமும் ஆற்றோடு போயின என்றார் யாங் சென். மிகைப்படுத்துகிறார் என்றது மறுதரப்பு. இழப்பீட்டுக்குப் பிணையாக வான்சியனில் நின்ற இரண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடித்து வைத்துக்கொண்டார். பின்னாளில் உங்கள் படைக்கே தலைமைத் தளபதியான சூ தே அந்த நாட்களில் யாங் சென்னோடு வான்சியனில்தான் இருந்தார்.

செப்டம்பர் 5 அன்று மாலை, 'கியாவோ' என்ற வணிக நீராவிக் கப்பலில் பீரங்கியும் கடற்படை வீரர்களையும் ஏற்றிக்கொண்டு, பிடிபட்ட கப்பல்களிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளை மீட்க வந்தார்கள். வணிகக் கப்பலைக் காக்கப் போர்க்கப்பல் என்பது போய், வணிகக் கப்பலே போர்க்கப்பலாகிவிட்டது. கைகலப்பில் பிரிட்டிஷ் கடற்படையினர் 7 பேர் மாண்டார்கள். 3 அதிகாரிகள், 4 மாலுமிகள். நகரத்தின்மீது குண்டுமாரி பொழிந்தது. இறந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் என்று சிலரும், ஆயிரத்தைத் தாண்டும் என்று சிலரும் சொன்னார்கள். மாண்ட மாலுமிகளின் எண்ணிக்கை ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் நமக்குக் கிடைக்கிறது. கரையில் செத்தவர்களுக்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்குக் கிடையாது. பிணையாகப் பிடித்த கப்பல்களோ அதே மாதத்தில் பேச்சுவார்த்தையில் திரும்பக் கிடைத்தன. அதை முதலிலேயே பேசித் தொலைத்திருக்கலாம்.

இப்படிச் சொல்வதால், அந்நியக் கப்பல்களை எல்லாச் சீனரும் வெறுத்தார்கள் என்று நான் கதை கட்டப் போவதில்லை. 1920களில் படைத்தலைவர்கள் தம் சிப்பாய்களை ஏற்றிச் செல்ல எதிர்ப்பட்ட நீராவிக் கப்பலையெல்லாம் பிடுங்கினார்கள். கூலி கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. சீன முதலாளிகள் பலர் தம் கப்பலைத் தப்புவிக்க அந்நியக் கொடியை வாங்கி ஏற்றிக்கொண்டார்கள். இதை உங்கள் பாடநூல்கள் எவ்வளவு சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது, சொல்ல வேண்டும். காவலைத் தேடுகிறவன் துரோகி ஆகிவிடுவதில்லை. அவனுக்குத் தன் சரக்கும் தன் ஆட்களும் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் சரி. கடற்கரையில் கொள்ளையும் உண்மையாகவே இருந்தது. ஹாங்காங்குக்கு அருகே பயாஸ் விரிகுடா அதற்குப் பேர்போன இடம். பயணிகளைப்போல் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். நடுக்கடலில் துப்பாக்கி வெளியே வரும். கப்பலை அந்த விரிகுடாவுக்குத் திருப்பிக்கொண்டு போவார்கள். 1935இல் 'துங்சோ' என்ற கப்பலை வெள்ளி இருப்பதாக நம்பிப் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் பிள்ளைகள். கிடைத்ததோ கையெழுத்திடப்படாத வங்கித் தாள்கள். அந்தக் கப்பலைத் தேடிக் கண்டுபிடித்தவை பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கடற்படைக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

அதே விரிகுடாவில் 1927 அக்டோபரில் நடந்தது வேறு. 'ஐரீன்' என்ற பயணிகள் கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றி இரவில் உள்ளே கொண்டுவந்தார்கள். காத்திருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'எல்-4' நிற்கச் சொல்லிச் சுட்டது, நிற்கவில்லை, மறுபடி சுட்டது. கப்பல் தீப்பற்றி மூழ்கியது. பெரும்பாலானவர்களைக் காப்பாற்றினார்கள், எல்லோரையும் இல்லை. 'ஐரீன்' பிரிட்டிஷ் கப்பல்கூட இல்லை. 1872இல் அந்நியக் கம்பெனிகளுக்குப் போட்டியாகச் சிங் அரசின் பெரிய அதிகாரி லி ஹோங்ஜாங் தொடங்கிவைத்த சைனா மெர்ச்சன்ட்ஸ் கம்பெனியின் சொத்து. இந்தக் கம்பெனியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையில் எங்களுக்கும் பங்குண்டு. 1925 மே 30 அன்று ஷாங்காயின் நாஞ்சிங் சாலையில் கூட்டத்தின்மீது சுட்டது பிரிட்டிஷ் அதிகாரியின் கீழிருந்த சீக்கிய, சீனக் காவலர்கள். 1927இல் ஷாங்காயைக் காக்க என்று பிரிட்டன் அனுப்பிய படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எங்கள் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சீனாவுக்கு இந்தியப் படையை அனுப்பியதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1914இல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் 'எம்டன்' கப்பலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது அதற்கு முந்தின ஆண்டு யாங்சியில் கலகக்காரர்களின் கோட்டைமீது குண்டு போட்டுப் பழகியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இனி 1949. அமெதிஸ்ட் நாஞ்சிங்கில் தன் தூதரகத்துக்கும் தன் நாட்டவருக்கும் காவலாக நின்ற கப்பலுக்கு மாற்றாகப் போய்க்கொண்டிருந்தது. 1943 உடன்படிக்கையிலேயே ஆற்று உரிமைகளைப் பிரிட்டன் கைவிட்டுவிட்டது. உங்களோடு உள்நாட்டுப் போரில் இருந்த கோமிந்தாங் என்ற தேசியவாதக் கட்சி அரசின் சம்மதத்தோடுதான் வந்தோம் என்றது. அந்த அரசு ஆற்றின் ஒரு கரையில் மட்டும்தான் மிச்சமிருந்தது. மீட்க வந்தவற்றையும் சேர்த்து நான்கு கப்பல்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். உங்கள் தரப்பு, செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 252 பேர் என்றது. ஏப்ரல் 30 அன்று மாவோ எழுதிய அறிக்கை, யாங்சி சீனாவின் உள்நாட்டு ஆறு, அதில் போர்க்கப்பலை ஓட்டிவர உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டது. நியாயமான கேள்வி.

ஜூலை 30 இரவு அமெதிஸ்ட் தப்பி ஓடியதை அவர்கள் வீரகதையாகச் சொல்கிறார்கள். கப்பலில் இருந்த சைமன் என்ற பூனைக்குப் பதக்கமே கொடுத்தார்கள். எலி பிடித்ததற்குத் தகும்தான். ஆனால் அந்த இரவில் அமெதிஸ்ட் 'ஜியாங்லிங் விடுதலை' என்ற பயணிகள் கப்பலின் பின்னால் ஒண்டிக்கொண்டு போனது. இரு பக்கத் தீயில் அந்தக் கப்பல் அடிபட்டது. பழியை ஒவ்வொருவரும் மற்றவர் தலையில் போட்டார்கள். வணிகக் கப்பலுக்குக் காவல் என்று தொடங்கிய நூறு ஆண்டுக் கதையின் கடைசியில், ஒரு பயணிகள் கப்பல் போர்க்கப்பலுக்கு மறைப்பாகிப்போனது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறைப்பது இதுதான். பதக்கப் பட்டியலில் அந்தப் பயணிகள் இல்லை.

அதே கோடையில் பிரிட்டிஷ் கடற்படை புத்தி தெளிந்ததையும் சொல்ல வேண்டும். உங்கள் கைக்கு வந்துவிட்ட ஷாங்காய்க்குக் கோமிந்தாங் முற்றுகை போட்டது. ஜூன் 21 அன்று 'ஆங்கைசீஸ்' என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலை அதன் விமானங்கள் தாக்கின. இம்முறை போர்க்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழையவில்லை. கடலில் துணை வந்து, சீனக் கடல் எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டன. உள்ளே போவதும் வருவதும் வணிகக் கப்பலின் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டை 1858இலேயே போட்டிருந்தால் வான்சியன் என்ற பெயரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். 2008இல் நீங்கள் ஏடனுக்குப் போனபோது ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானம் இருந்தது, சோமாலிய இடைக்கால அரசின் சம்மதம் இருந்தது. முறையான தொடக்கம். ஆனால் 2017இல் ஏடன் வளைகுடாவை ஒட்டிய ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் உங்களுக்கு நிரந்தரத் தளம் வந்தது. காவல் அணிகளுக்கு உணவும் நீரும் பழுதுபார்ப்பும் வேண்டும் என்பதுதான் நீங்கள் சொன்ன காரணம். 52ஆம் பிரிவின் சொற்களே! கொள்ளை குறைந்துகொண்டே போன ஆண்டுகளில்தான் இந்தத் தளம் எழுந்தது.

2014 செப்டம்பரில் உங்கள் நீர்மூழ்கி ஒன்று கொழும்பில் வந்து நின்றது. ஏடன் காவல் பணிக்குப் போகும் வழியில் எரிபொருள் எடுக்க வந்ததாகச் சொன்னீர்கள். அது நின்ற சரக்குப் பெட்டக முனையத்தில் பெரும்பங்கு வைத்திருப்பது சைனா மெர்ச்சன்ட்ஸ் குழுமம். ஆம், 'ஐரீன்' கப்பலுக்குச் சொந்தக்கார கம்பெனியின் வழித்தோன்றல். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருப்பதும் அதுவே. படகில் ஏணி வைத்து ஏறும் கொள்ளையரைப் பிடிக்க நீர்மூழ்கி எதற்கு என்று பாக் நீரிணையின் இரு கரையிலும் கேட்டோம். 1927இல் இந்தக் கேள்விக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பதிலும் உங்கள் பதிலும் ஒன்றாக இருக்காது என்று நம்ப விரும்புகிறேன். எங்கள் ஊரில் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். அந்தப் பிடாரியும் முதல் நாள் பணிவாகத்தான் வந்திருக்கும்.

செங்கடலில் 2024இல் நடந்ததையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த யேமனின் ஹூத்தி படையினர் சீனக் கப்பலைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், கப்பல்கள் தம் இருப்பிடம் காட்டும் கருவியில் போகும் துறைமுகத்தின் பெயருக்குப் பதிலாக 'அனைவரும் சீன மாலுமிகள்' என்று எழுதி ஓட்டின. ஒரு காலத்தில் சீன முதலாளி அந்நியக் கொடிக்குள் ஒளிந்தான். இப்போது மற்றவர்கள் உங்கள் பெயருக்குள் ஒளிகிறார்கள். அப்படியும் மார்ச் 23 அன்று சீனர்களுக்குச் சொந்தமான 'ஹுவாங் பு' என்ற எண்ணெய்க் கப்பல்மேல் ஏவுகணை விழுந்ததாக அமெரிக்கப் படை அறிவித்தது. ஷாங்காயின் ஆற்றுப் பெயர் தாங்கிய கப்பல். அவசர அழைப்பு விடுத்தது, உதவி கேட்கவில்லை என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. அடுத்த முறை பெரிதாக அடிபட்டால், உதவி கேட்டால், உங்கள் நாட்டிலேயே 'ஏன் கரையைச் சுடவில்லை' என்று கூச்சல் எழும். அந்தக் கூச்சல் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

நீங்களே 1992இல் சட்டம் இயற்றினீர்கள்: அந்நியப் போர்க்கப்பல் உங்கள் கடல் எல்லைக்குள் நுழைய உங்கள் அரசின் ஒப்புதல் வேண்டும். அதே விதியை நீங்கள் போகும் இடத்திலும் உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள்; பொது அறிவிப்பாக வெளியிடுங்கள். ஒரு நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது ஒரு தரப்பின் சம்மதம் மட்டும் கையில் இருந்தால், அமெதிஸ்ட்டின் நிலை உங்களுக்கும் வரும். ஒவ்வொரு காவல் பணிக்கும் முடிவு நாள் குறியுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் காரணம் சொல்லி நீட்டியுங்கள். ஜிபூட்டியில் கொள்ளையர் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள். துப்பாக்கி பேச நேர்ந்தால், கரையில் இறந்தவர்களின் கணக்கையும் உங்கள் மாலுமிகளின் கணக்கோடு ஒரே தாளில் எழுதுங்கள். வான்சியனில் அதை யாரும் செய்யவில்லை என்ற கோபம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். உங்கள் கடற்படைக் கல்லூரிகளில் வான்சியன் நிகழ்ச்சி நாட்டுக்கு நேர்ந்த அவமானமாகப் பாடமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். காக்சேஃபரின் தளத்தில் நின்ற அதிகாரியின் இடத்தில் மாணவரை நிறுத்தி, 'உன் கொடி பறக்கும் கப்பலைக் கரையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், நீ என்ன செய்வாய்?' என்று தேர்வுத்தாளில் கேளுங்கள். விடைகளில் சிலவற்றை வெளியிட்டால் நாங்களும் படிக்கலாம்.

இந்த மடலுக்குப் பதில் எழுத மொழி தடையென்று சொல்ல வேண்டாம். உங்கள் நாட்டு வானொலி 1963 முதல் தமிழில் பேசி வருகிறது. நேயர் கடிதத்துக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் போட்டவர்கள் அவர்கள். இதையும் அவர்களிடமே கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கப்பல் என்ஜினீயர்